பிறர் அவலமும் காண்போர் அறமும்: ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தை முன்வைத்து

முன்னுரை

உழைக்கும் மக்களின் துயரைக் காட்டும் திரைப்படம் ஒன்றைக் கண்டு வெளிவரும் நாம், ‘மிக இயல்பாக இருந்தது’ என்று பாராட்டுகிறோம். ஒருவன் அடிபடுவதும் ஒருத்தி அவமானப்படுவதும் உள்ளவாறே காட்டப்பட்டமையே அப்பாராட்டுக்குக் காரணம். இப்பாராட்டில் ஓர் அறச்சிக்கல் உள்ளது. துன்புறுவோர் திரையில் இருக்க, துன்பத்தின் துல்லியத்தைச் சுவைப்போர் இருக்கையில் இருக்கின்றனர். பிறர் அவலத்தைச் சுவைப்பதற்கு நமக்குள்ள உரிமை யாது? நடப்பியல் என்னும் பண்பு அவ்வுரிமையைத் தந்துவிடுமா? வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் உரையாடல் எழுதி, 2010ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அவலமும் கருணையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினை நிலைக்களன்களாகக் கூறுகிறது. வறுமை தனித்து எண்ணப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. உரை வகுத்த பேராசிரியர், தானே அவலித்தல், பிறர் அவலங் கண்டு அவலித்தல் என அழுகையை இருவகைப்படுத்தி, இவற்றுள் ஒன்று கருணை எனவும் மற்றொன்று அவலம் எனவும் வழங்கப்படுவதைச் சுட்டுகிறார். திரையரங்கில் நிகழ்வது இவற்றுள் இரண்டாவதாகும். பிறர் அவலத்தைக் காண்பதும் ஒரு மெய்ப்பாடே என்பதால், அதனைச் சுவைத்தல் தன்னளவில் குற்றமாகாது. ஆயின், அவ்வவலத்தில் காண்போனுக்குப் பங்கு இருக்குமாயின் கருணை மட்டும் போதுமா என்னும் வினா எஞ்சுகிறது. இவ்வினாவைத் தமிழ்த் திரையில் கூர்மையாக எழுப்பிய படங்களுள் ஒன்று அங்காடித் தெரு.

வாங்குவோனாகிய பார்வையாளன்

துரை இயக்கிய ‘பசி’ (1979) சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கும் பெண்ணின் கதையைக் கூறியது. அதில் நடித்த சோபா தேசிய விருது பெற்றார். அப்படத்தின் பார்வையாளருள் பெரும்பாலோர்க்கு அக்குடிசை தாம் சென்றறியாத இடம். அங்காடித் தெருவின் களமோ சென்னைத் தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு. தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட இளைஞரும் பெண்களும் பெருந்துணிக்கடையொன்றில் பணிபுரிகின்றனர். இக்களத்தைப் பார்வையாளன் நன்கறிவான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பையோடு நுழைந்து, விலை மலிவு என மகிழ்ந்து வெளிவந்தவன் அவன். ஆகவே இப்படம் அறியாத உலகம் ஒன்றைக் காட்டவில்லை. அறிந்த கடையின் பின்கட்டினைக் காட்டுகிறது. நெரிசலான உணவுக்கூடம், வரிசையாகப் படுத்துறங்கும் அறை, மேற்பார்வையாளன் கருங்காலியின் அடி, அவனது அறைக்கு அழைக்கப்படும் பெண் படும் இழிவு ஆகிய யாவும் அம்மலிவு விலையில் அடங்கியவை என்பதைப் பார்வையாளன் உணர நேர்கிறது.

அங்காடி என்னும் சொல்லின் பழமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி ஆகியவற்றை நகர வளத்தின் அடையாளமாகப் புனைகிறது. வளத்தைச் சொல்லிவந்த அதே சொல்லை இப்படம் வளத்திற்கு விலை கொடுத்தோரின் பெயராக்குகிறது. இப்படம் தெலுங்கில் ‘ஷாப்பிங் மால்’ என்னும் பெயரில் வெளிவந்தது. அப்பெயரில் தெரு இல்லை. படத்திலோ கடையிலிருந்து விரட்டப்பட்டோர்க்கும் கடைக்குள் இடம் பெறாதோர்க்கும் தெருவே புகலிடமாகிறது. பெயர் மாறினும் பொருள் அந்நியமாகவில்லை. ஹைதராபாத்தில் தார்நாகாவிலிருந்து உப்பல் செல்லும் சாலையில் ஹப்சிகுடாவைக் கடப்போர் காணும் துணிக்கடைகளிலும், வாடிக்கையாளர் அமர்ந்திருக்கப் பணியாளர் நின்று துணி விரிக்கும் காட்சி அரிதன்று. அக்காட்சியை நாம் காண்கிறோம்; கவனிப்பதில்லை.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

புலனெறி வழக்கம் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்தது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் தரும் கருத்து. சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்து வந்தனவாகத் தொகுத்துக் கூறுவதே நாடக வழக்கு என இளம்பூரணர் விளக்குவார். அகப்பொருளுக்குக் கூறப்பட்ட இவ்விளக்கம் இப்படத்திற்கும் பொருந்துகிறது. தந்தையின் விபத்து மரணம், காதலன் கைவிட மாடியிலிருந்து வீழ்ந்து மாயும் பெண், கனியின் தங்கை படும் பாடு, இறுதியில் நடைபாதையில் உறங்குவோர்மீது ஏறும் வண்டி, கால்களை இழக்கும் கனி எனத் துயரங்கள் ஒரு தெருவில் தொகுக்கப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் உலகில் நிகழ்வதே. எனினும் அவற்றின் தொகுப்பு நாடக வழக்கின் பாற்பட்டது.

இத்தொகுப்பு கண்ணீரை வருவிக்கிறது. அதில்தான் இடரும் உள்ளது. விபத்து வாழ்வை அழிக்கும்போது குற்றம் வண்டியோட்டியிடம் ஒதுங்கிவிடுகிறது. லிங்குவும் கனியும் நடைபாதையில் உறங்க நேர்ந்தது கடை அவர்களை விரட்டியதால் என்பது உண்மையே. ஆயினும் வண்டி மோதும் அதிர்ச்சியில் அக்காரணம் பின்தள்ளப்படுகிறது. பார்வையாளன் அழுகிறான், அழுததனாலேயே தன் கடன் தீர்ந்ததாகக் கருதி எழுந்து செல்கிறான்.

இதற்கு மாறாக, இப்படத்தின் உலகியல் வழக்கு பெருந்துயரங்களுக்கு இடைப்பட்ட சிறு நிகழ்வுகளில் உள்ளது. அவற்றுள் தலையாயது நிற்றல். காலை முதல் இரவு வரை அப்பணியாளர்கள் நிற்கின்றனர். நிற்பதில் கதைத்திருப்பம் ஏதுமில்லை, கண்ணீருக்கும் இடமில்லை. மெய்ப்பாட்டியல் மூப்பு, பிணி, மென்மை ஆகியவற்றோடு வருத்தத்தையும் இளிவரலுக்கே நிலைக்களனாக்குகிறது, அழுகைக்கு அன்று. உழைப்பின் வருத்தம் காண்போனை அழவைப்பதைவிடக் கூசவைக்கிறது. அழுகை வடிந்துவிடும், கூச்சம் மறுமுறை கடைக்குள் நுழையும்போதும் உடன் வரும்.

நிற்றலின் வரலாறு

நிற்றல் அற்பச் செய்தியன்று என்பதைப் பின்னாளைய சட்டங்கள் உறுதிப்படுத்தின. துணிக்கடைப் பெண் தொழிலாளரின் போராட்டங்களைத் தொடர்ந்து கேரளம் 2018இல் பணியிடத்தில் இருக்கை வசதியைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் செய்து, பணியாளர் அமர இருக்கை அளிக்கப்பட வேண்டும் எனப் பணித்தது. இவற்றைத் திரைப்படத்தின் விளைவு எனக் கூறுதல் மிகையாகும். முதலுரிமை போராடியோர்க்கே உரியது. எனினும் சட்டம் தீர்க்க முனைந்த துன்பம் எது என்பதைக் கருத வேண்டும். பார்வையாளர் பெரிதும் அழுத விபத்தை இச்சட்டங்கள் தொடவில்லை. எவரும் அழாத நிற்றலையே அவை தொட்டன. கலையில் கண்ணீர் சென்ற திசையும் வாழ்வில் நீதி தேவைப்பட்ட திசையும் வேறாயிருந்தமை இதனால் புலனாகிறது.

நம்பிக்கை பற்றிய வினா

இருண்ட முடிவுடைய படைப்பு செயலூக்கத்தைக் குன்றச்செய்யும் என்பது முற்போக்குத் திறனாய்வில் நெடுங்காலம் நிலவிய கருத்து. நெசவாளர் வாழ்வைக் கூறிய தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கூட்டுப் போராட்டத்தில் நம்பிக்கை வைத்தது. அங்காடித் தெருவில் சங்கம் இல்லை; போராட்டமும் இல்லை. அதனால் அது அவநம்பிக்கைப் படைப்பு ஆகிவிடாது. குள்ள உருவமுடைய கணவனுக்குத் தன்னுருவிலேயே குழந்தை பிறக்க, அவன் பிள்ளை என்பதற்கு வேறு சான்று வேண்டாவென மனைவி மகிழும் காட்சியில் மனித மாண்பு தாழவில்லை. கால்களை இழந்த கனியை லிங்கு மணப்பதும் அத்தகையதே. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) வேறு வழியில் செல்கிறது. சிறிதளவு நிலம் வேண்டி வாழ்நாளெல்லாம் உழைத்த ரெங்கசாமி, அந்நிலத்தில் எழுந்த காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். அங்கே கருங்காலி போன்ற கொடியவன் தேவைப்படவில்லை, விபத்தும் தேவைப்படவில்லை. நாடக வழக்கைக் குறைத்தே அவலத்தை மிகுவிக்க இயலும் என்பதற்கு அப்படம் சான்றாகும்.

முடிவுரை

நாடக வழக்கு இழுக்கு என்பது இதன் பொருளன்று. காதலும் பாடலும் இல்லையேல் அங்காடித் தெருவை அத்துணைப் பேர் கண்டிருக்கமாட்டார்கள். நாடக வழக்கு நம்மைத் திரையரங்கிற்கு அழைத்து வருகிறது. உலகியல் வழக்கு நம்மைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறது. எனவே நடப்பியலின் மதிப்பைத் துயரின் அளவிலோ சாயலின் துல்லியத்திலோ தேடுவது பொருந்தாது. காண்போன் அத்துயரில் தான் நிற்கும் இடத்தை அறிகிறானா என்பதே அதற்குரிய அளவுகோல். அவ்வாறு அறியச்செய்யும் படைப்பைப் பாராட்டுதல் அறத்திற்கு மாறாகாது. ஏனெனில் அப்பாராட்டில் பாராட்டுவோனும் விசாரிக்கப்படுகிறான். அறியச்செய்யாத படைப்பு எத்துணை இயல்பாக அமையினும், பிறர் துன்பத்தை மலிவு விலைக்கு வாங்கி மகிழும் மற்றோர் அங்காடியாகவே எஞ்சும்.