ஏழாங் கற்பனையும் பழைய நாணயமும்



களவு என்றவுடன் பூட்டை உடைப்பதும் மடியை அறுப்பதுமே நம் நினைவுக்கு வருகின்றன. பூட்டைத் தொடாமலே செய்யும் களவும் உண்டு. அமெரிக்க நாட்டுப் பழைய வெள்ளி நாணயங்களில் நடக்கும் ஒரு மோசத்தைக் கொண்டு இதனை விளக்குவோம்.

அந்நாட்டில் 1878 முதல் 1904 வரை அச்சிடப்பட்ட மார்கன் டாலர்களில் ஏராளமானவை, ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டு, அரசாங்கக் கருவூலத்தில் பல்லாண்டு கிடந்தன. துணியிலிருந்த கந்தகம் மெல்ல வெள்ளியைப் பற்றி, மேலே ஒரு படலம் உண்டாக்கிற்று. அது முதலில் இளமஞ்சளாகவும், பிறகு செந்நீலமாகவும், பின்னர் நீலமாகவும் நிறம் காட்டும். காலம் தானே தீட்டிய இந்நிறத்துக்காகச் சேகரிப்போர் பன்மடங்கு விலை கொடுக்கின்றனர்.

விலை ஏறவே வஞ்சகமும் வந்தது. கந்தகப் புகை காட்டியும், சூடேற்றியும், இரசாயனம் தடவியும், பல வருஷத்து நிறத்தைச் சிறிது நேரத்தில் வரவழைக்கிறார்கள். கீறலையும் அதன் கீழ் மறைக்கிறார்கள்.

இவர்கள் சொல்லும் சமாதானம் என்ன? "வெள்ளியில் குன்றிமணி எடையும் குறையவில்லை, நாணயமும் கள்ள நாணயமல்ல, நான் ஒரு பொய்யும் பேசவில்லை" என்பதே.

1883-ல் அங்கே வெளியான ஐந்து சென்ட் நிக்கல் காசில் ஐந்தைக் குறிக்கும் ரோமன் எண் இருந்தது. 'சென்ட்' என்ற சொல் இல்லை. மோசக்காரர் அதற்குப் பொன்முலாம் பூசி, ஐந்து டாலர் பொற்காசாகச் செலவிட்டனர். வாய் திறவாமல் காசை நீட்டினாலே போதுமாயிருந்தது. அவ்வாண்டே அரசாங்கம் அச்சொல்லைக் காசில் சேர்த்தது.

ஆம், பேசாத வாயும் பொய் சொல்லும். வாங்குகிறவன் வெள்ளிக்கு மாத்திரமா விலை கொடுத்தான்? கழியாத காலத்துக்கும் சேர்த்துக் கொடுத்தான். அந்த மிகைப் பணம் அவனுடையது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் போதாது. அதை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

ஏமாந்து வாங்கினவன், "என் நஷ்டத்தை யார் தருவார்?" என்று கேட்கலாம். விற்றவனிடம் கேட்பது அவனுக்கு நியாயம். ஆனால் உண்மை தெரிந்த பின், அதை மறைத்து மூன்றாம் மனிதன் தலையில் கட்டினால், அந்நேரமே அவனும் கள்வனாகிறான். பட்ட அநியாயம், செய்யும் அநியாயத்துக்கு உத்தரவுச் சீட்டாகாது.

1986-ல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்களில், நிபுணர்கள் பரிசோதித்துப் பொய் நிறமுள்ள நாணயங்களைத் தள்ளுகிறார்கள். நிபுணர் கண்ணும் சில வேளை தவறும். சர்வேசுரனுடைய கண் தவறாது.

ஆகையால் பெற்றோரே, காசோ, மாடோ, நிலமோ, எதை விற்க நேர்ந்தாலும் அதன் குறையை முதலில் சொல்லி, பிறகு விலை பேசுங்கள். உங்கள் பிள்ளைகள் அருகில் நின்று கேட்கட்டும். விலை சற்றுக் குறையலாம். வீட்டுக்கு வரும் பணம் சமாதானத்தோடு வரும்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.