மூவர் பாடிய ‘நான்’

பாடுகிறவன் தன் பெயரைத் தானே பாட்டுக்குள் எடுத்துரைப்பது அகங்காரமா, அன்றி அகங்காரத்தைக் கடக்கும் மார்க்கங்களுள் அதுவும் ஒன்றா என்னும் வினா, மயிலாப்பூரில் வாழ்கிற ஒருவனுக்குப் புதிதன்று. எலும்பாய்ப் போன பூம்பாவையை உயிருடன் எழுப்பியதாகத் தலபுராணம் போற்றும் பதிகத்தை இதே கபாலீச்சுரத்தில் பாடிய ஞானசம்பந்தர், தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் தம் பெயரையும் காழி நகரையும் பொறித்துச் சென்றவர். திருப்பாவையின் கடைசிப் பாசுரத்தில் ஆண்டாளும் தன் பெயரைத் தந்தை பெயரோடு சேர்த்தே வைத்தாள். அவர்களை அகங்காரிகள் என்று சொல்ல நமக்கு நாவெழாது.

ஆயினும், மார்கழிக் கச்சேரி ஒன்று முடிந்து தி.நகர்ச் சபா வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், தெருவில் போன ஆட்டோவிலிருந்து எழுந்த ராப் பாட்டைக் கேட்டு, “தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதற்குப் பெயர் சங்கீதமா?” என்று மனம் நொந்து கேட்டபோது, அக்கேள்வியில் இருந்த நியாயத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. 1973-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஏழைக் குடும்பங்களின் கொண்டாட்டங்களில் பிறந்த இந்தக் கலையில், வாயெடுத்தவன் முதலில் சொல்வது தன் பெயரும், தன் தெருவும், தன் சாமர்த்தியமுமே. உலகம் எவரை எண்ணிக்கையில்கூடச் சேர்க்காமல் விட்டதோ அவர் தம்மைத் தாமே எண்ணிக்கொள்வதை அகங்காரம் என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடலாகாது; எனினும், அந்தத் தன்னுரை எங்கே போய் முடிகிறது என்று கேட்கும் உரிமை சமய நெறியில் நிற்பவர்க்கு உண்டு.

தமிழில் அதற்கு ஏற்ற உதாரணம் மலேசியாவிலிருந்து வந்த ‘வல்லவன்’ என்னும் 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பு. 1990-களில் ‘பொயட்டிக் ஆம்மோ’ குழுவில் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் பாடிப் பழுத்திருந்த யோகி பி, ‘நட்சத்ரா’ என்ற பெயரில் இயங்கிய டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்னும் இளையவர் இருவரோடு சேர்ந்து அதை ஆக்கினார். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ பாடலை அடித்தளமாகக் கொண்டு இவர்கள் எழுப்பிய உருவம் சென்னைத் தெருக்களில் நெடுநாள் ஒலித்தது. தொகுப்பின் தலைப்பே தற்புகழ்ச்சி. ஆனால் பாடுவோர் மூவர்; அவர்கள் நிற்கும் தளமோ முந்தைய தலைமுறையின் இசை.

மூவர் என்றதும் மயிலைக்காரன் மனம் திருக்கோவலூருக்குப் போகாமல் இராது. மழை பெய்யும் இரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும்படியான குறுகிய இடைகழியில், காஞ்சியில் அவதரித்த பொய்கையாரும், மாமல்லையில் அவதரித்த பூதத்தாரும், இதே மயிலையில் அவதரித்த பேயாரும் ஆகிய ஆழ்வார்கள் மூவர் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒதுங்கினர். நான்காமவன் ஒருவன் உள்ளே புகுந்து நெருக்கினான். நெருக்குகிறவன் யாரென்று காண வேண்டி மூவரும் பாடினர். ஆளுக்கு நூறு வெண்பாவாக விளைந்த அம்மூன்று அந்தாதிகளுமே நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் முதல் ஊற்று என்பது சம்பிரதாயம். பொய்கையார் உலகையே அகலாக்கி விளக்கேற்றினார். பூதத்தார் அன்பை அகலாக்கி ஏற்றினார். எங்கள் பேயாரோ விளக்கே ஏற்றவில்லை, நெருக்கிய திருமாலைக் கண்டேன் என்று மட்டும் சொன்னார். முன்னிருவர் ஏற்றிய வெளிச்சத்தில் கண்டவர் அவர். மூவரும் தம் பெயரைப் பாட்டில் இடவில்லை, ஆனால் ‘நான்’ என்னும் உணர்வை மூவருமே விடவுமில்லை. பிறர் ஏற்றிய விளக்கைக் கொண்டு, நான் கண்டேன் என்று கூச்சமின்றிச் சொல்லும் அந்தத் துணிவை அகங்காரம் என்பார் உண்டோ!

தத்துவத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. ‘நான்’ என்பது ஆன்மாவின்மேல் ஏற்றப்பட்ட தோற்றமே, ஞானம் உதித்ததும் அது நீங்கும் என்று அத்வைதம் கூற, ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் அதை மறுத்து, உடலைத் தானென மயங்கும் அகங்காரம் வேறு, ஆன்மாவின் உண்மையான ‘நான்’ வேறு, இந்த ‘நான்’ மோட்சத்திலும் நிலைத்திருக்கும் என்று நிறுவினார். தானே அழிந்துபோவதுதான் மோட்சம் என்றால் அதை யார் விரும்புவார் என்பது அவர் எழுப்பிய தர்க்கம். சைவ சித்தாந்தமும் ஆணவமலம் முத்தியில் அழிவதில்லை, அதன் சக்தி அடங்குகிறது என்றே கொள்ளும். ஆகவே ‘நான்’ என்னும் சொல்லை வாயிலிருந்து நீக்குவதில் பயனில்லை. அந்த ‘நான்’ பக்கத்தில் நிற்கும் இன்னொரு ‘நானு’க்கு இடம் தருகிறதா என்பதே சோதனை.

கூட்டுத் தொகுப்பில் அந்தச் சோதனை நிர்த்தாட்சண்யமாக நடக்கிறது. ராப் மரபில் ஒருவருக்குப் பெரும்பாலும் பதினாறு தாளக்கட்டுகள்தாம். அதற்குள் எத்தனை பெருமை பேசினாலும், முடிந்ததும் வாய் மூடி அடுத்தவனைக் கேட்டாக வேண்டும். நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, குறைப்பில் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கிச் சுருங்கி, முடிவில் இருவரும் மோராவிலும் கோர்வையிலும் ஒன்றாகச் சேரும் முறையும் இதே பயிற்சிதான். நாற்பதாண்டுக் கீர்த்தி உள்ள வித்வானுக்கு வாசிப்பதைவிட நிறுத்துவது கடினம். ஸ்னூப் டாக், ஐஸ் க்யூப், ஈ-40, டூ ஷார்ட் என்னும் கலிபோர்னிய முதியவர் நால்வர் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பின் தலைப்பு ‘ஸ்னூப் க்யூப் 40 ஷார்ட்’. நால்வரும் தத்தம் பெயரில் பாதியைத்தான் அதில் வைத்தார்கள். பெயராலேயே வாழ்ந்தவர்கள் பாதிப் பெயரை விட்டுக்கொடுத்ததை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை.

எல்லாத் தற்புகழ்ச்சியும் இதனால் புனிதமாகிவிடாது. பணத்தையும் பெண்களையும் வெற்றிச் சின்னங்களாக அடுக்கும் பாட்டுகள் இம்மரபில் மலிந்துள்ளன. அவை நூறு பேர் கூடிப் பாடினாலும் ஆணவமே. ‘வல்லவன்’ அந்த இனமன்று என்பது என் தீர்ப்பு: மூத்தவர் இளையவர்க்கு இடம் தந்தார், மூவரும் முன்னோர் இசையின் வெளிச்சத்தில் நின்றார்கள். ஐப்பசியில் திருவோணம், அவிட்டம், சதயம் என்று அடுத்தடுத்து மூன்று நட்சத்திரங்களில் அம்மூன்று ஆழ்வார்களின் திருநட்சத்திரங்கள் வருகின்றன. சதயத்தன்று பேயாரைச் சேவிக்க ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு வரும் அன்பர்கள், வீடு திரும்பியபின் அந்த மலேசிய மூவரையும் ஒருமுறை பொறுமையோடு கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.