நம்ம என்ன ஆளுங்கப்பா?

ஆறாவது படிக்கும் மகன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "நம்ம என்ன ஆளுங்கப்பா?" அன்று வகுப்பில் உதவித்தொகைக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள். பிரிவைச் சொல்லி, அந்தப் பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் நண்பனும் எழுந்து நின்றிருக்கிறான். "அதெல்லாம் உனக்கெதுக்கு? சாப்பிடு" என்றேன்.

என் அப்பா எனக்குச் சொன்ன அதே பதில். அவர் சொல்லாததால் நான் சாதி தெரியாமல் வளர்ந்துவிடவில்லை. தெருவும் திருவிழாவும் கல்யாணப் பத்திரிகைகளும் சொல்லிக்கொடுத்தன, பெருமையோடு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் தன் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. கைதானவர்களில் அவன் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த ஒருநபர் குழுவாக இருந்து 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயரிலுள்ள சாதி வரை நீக்கச் சொன்னார். தீண்டாமை பெருங்குற்றம் என்று பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் அச்சிட்டுத்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். என் மகன் கேட்டதைக் கைதான அந்தப் பிள்ளைகளும் வீட்டில் என்றைக்காவது கேட்டிருப்பார்கள். என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

மகனிடம் "என்னடா நடந்துச்சு?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நண்பன் ஏன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான் என்பதுதான் மகன் மனதில் இருந்திருக்கிறது. அதையே மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

உதவித்தொகை இனாம் இல்லை, பல தலைமுறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாதவர்களுக்குச் சேர வேண்டியது என்று சொன்னேன். அதுவரை எளிது. "யாருப்பா விடல?" என்றான்.

ஊரில் எங்கள் மாட்டுத்தொழுவத்துக் கூரையில் ஒரு கொட்டாங்குச்சி செருகியிருக்கும். வேலைக்கு வரும் பெரியவருக்கு என் அம்மா அதில்தான் காப்பி ஊற்றுவார், கை படாமல், உயரத் தூக்கி. நான் அந்தப் பெரியவரைப் பெயர் சொல்லி வா, போ என்பேன். எனக்கு அப்போது இவன் வயது. சொல்லும்போது நா வறண்டது. அவனுக்கு அப்பத்தா என்றால் உயிர். அம்மாவைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. ஆனாலும் அவரை மறைத்துவிட்டால், எல்லாம் யாரோ கெட்டவர்கள் எங்கோ செய்தது என்றாகிவிடும். அந்தப் பொய்யை அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தத் தாத்தா வீட்டுப் பையனை நான் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னா?" அந்த வயதுப் பிள்ளைகள் நம் வார்த்தையைவிட முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "எனக்குச் சம்மதம். சொந்தக்காரங்க பேச்சுக்குப் பயமா இருக்கு. அந்தப் பயத்தை நான் பாத்துக்கிறேன், உன் தலையில வைக்க மாட்டேன்" என்றேன். அவ்வளவுதான் என்னால் உண்மையாகச் சொல்ல முடிந்தது.

மகன் இன்னும் தொழுவத்தை விட்டு வரவில்லை. "அந்தத் தாத்தா இப்ப இருக்காரா?"

இருக்கிறார். கண் மங்கிவிட்டது.

"நீங்க அவர்ட்ட பேசினீங்களா?"

இல்லை. இன்றுவரை ஒருமுறைகூட அவரை 'ஐயா' என்று கூப்பிட்டதில்லை. அதையும் அவனிடம் சொன்னேன்.