கசிவது ஓரிடம், வாடுவது வேறிடம்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் காரில் ஆயில் லைட் எரியத் தொடங்குவதற்கு ஒரு முறை உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒழுங்காக அணைந்துவிடும். பைபாஸில் ஓடும்போது தலைகாட்டாது. ஒரு மணி நேரம் ஓடி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சிக்னலிலோ டோல்கேட்டிலோ ஐடிலில் நிற்கும்போது லேசாக மினுக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் மறைந்துவிடும். மறைந்துவிடுவதாலேயே பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வயதான இன்ஜின் தன் உடல்நிலையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் தருணம் வேறு கிடையாது.

அழுத்தத்தை உண்டாக்குவது ஆயில் பம்ப் என்றுதான் நினைக்கிறோம். பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. சம்ப்பிலிருந்து உறிஞ்சிய ஆயிலை ஃபில்டர் வழியாக மெயின் கேலரி என்னும் முதன்மை வாய்க்காலுக்குத் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. தள்ளப்பட்ட ஆயில் சுலபமாக வெளியேற வழியில்லாமல் பேரிங் இடுக்குகளில் முட்டி நிற்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிராங்க் ஜர்னலுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன்.

அந்த இடைவெளி தேய்ந்து இரண்டு மடங்கானால், வழியும் ஆயிலும் இரண்டு மடங்காகும் என்று தோன்றும். உண்மையில் அது எட்டு மடங்காகிறது. குறுகிய இடுக்கில் பாயும் திரவம் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பது இயற்பியல். சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் 15W-40 ஆயில், 100 டிகிரியை எட்டும்போது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக இளகிவிடுகிறது. ஐடிலில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றுகிறது. இளகிய ஆயில், சோர்ந்த பம்ப், விரிந்த இடுக்கு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் இடம்தான் அந்த டோல்கேட்.

அப்படியானால், இந்த அழுத்தத்தை அளக்கும் கேஜ் காட்டும் எண் எதைச் சொல்கிறது? 1883-ல் லண்டனில் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பீச்சம் டவர் ஒரு சோதனை நடத்தினார். ரயில் அச்சைத் தாங்கும் பேரிங் ஒன்றின் உச்சியில், ஆயில் விடுவதற்காகத் துளை போட்டார். அச்சு சுழன்றதும் ஆயில் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. அடைப்பான் வைத்து அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. சுழலும் அச்சே தன்னைச் சுற்றியுள்ள ஆயிலை இழுத்து, தன் பாரத்தைத் தாங்கும் மெல்லிய படலமாக்கிக்கொள்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். டீசல் எரியும் நொடியில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் நூறு பாரை நெருங்கும். பல இன்ஜின்களில் தாண்டும். கேலரியில் இருப்பதோ மூன்று, நான்கு பார். அந்த அடியை இந்த மூன்று பார் தாங்குவதில்லை. சுழற்சி உண்டாக்கும் படலம் தாங்குகிறது. பம்ப்பின் கடமை, அந்தப் படலம் எங்கும் வறண்டுபோகாமல் ஆயிலைக் கொண்டுசேர்ப்பது. ஆக, ஆயில் பிரஷர் குறைகிறது என்றால், கடைசியில் இருக்கும் இடம் வரை ஆயில் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி குறைகிறது என்று பொருள்.

இன்ஜினிலும் கடைமடை உண்டு. கேலரியிலிருந்து ஆயில் முதலில் மெயின் பேரிங்குகளுக்குப் போகிறது. கிராங்கில் குடைந்த துளைகள் வழியே கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடர் போன்ற பழைய கார்களில், உச்சியில் இருக்கும் ராக்கர் ஷாஃப்ட் கடைசியாகத்தான் பெறுகிறது. மேட்டூர் அணை திறந்தாயிற்று என்ற செய்தி வேதாரண்யம் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் ஆகிவிடாது. வழியில் கரை உடைந்திருந்தால், உடைந்த இடத்தில் வெள்ளமும் கடைமடையில் வறட்சியும் ஒரே நாளில் இருக்கும். அப்படித்தான் இங்கும். தேய்ந்த மெயின் பேரிங்கில் ஆயில் தாராளமாக வழிந்துகொண்டிருக்கும். காய்வது மேலே இருக்கும் ராக்கர். தவறேதும் செய்யாத இடத்திலிருந்துதான் முதல் சத்தம் வரும்.

இது புரியாதபோது நாம் செய்வதெல்லாம் மேலிருந்து பலத்தைக் கூட்டுவதுதான். “கெட்டியான ஆயில் ஊத்திடலாமாண்ணே?” என்பது எல்லா ஷெட்டிலும் கேட்கும் கேள்வி. ஊற்றினால் லைட் அணையும். ஆனால் மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, அந்தக் கெட்டி ஆயில் உச்சிக்கு ஏறத் தாமதமாகும். எந்தக் கடைமடைக்காக ஊற்றினோமோ அதுவே கூடுதல் நேரம் வறண்டு ஓடும். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குகிறவர்களும் உண்டு. அழுத்தம் மிகும்போது மட்டுமே திறக்க வேண்டிய வால்வு அது. நல்ல நிலையில் இருந்தால், சூடான ஐடிலில் அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவை இன்னும் அழுத்திச் சாத்துவதால் என்ன பயன்?

நல்ல மெக்கானிக் வேறு வழியில் போகிறார். முதலில் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயிலை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்கிறார். அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால், எங்கோ டீசல் ஆயிலில் கலக்கிறது. இன்ஜெக்டர்களைப் பார்க்க வேண்டும். அடுத்து ஆயில் கிரேடு, ஃபில்டர். பிறகு எச்சரிக்கும் ஸ்விட்சையே சோதிக்கிறார். பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கினால்தான் அது லைட்டைப் போடும். அதைக் கழற்றி அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டி, சூடான இன்ஜினில் அளக்கிறார். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. கேஜ் சரியாகக் காட்டினால் கோளாறு ஸ்விட்சிலோ வயரிலோ. குறைவாகவே காட்டினால் சாட்சி உண்மை சொல்லியிருக்கிறது. இனி ரிலீஃப் வால்வு, சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னர், பம்ப், கடைசியாக பேரிங்.

பழைய ஃபில்டரையும் அவர் தூக்கி எறிவதில்லை. டப்பாவை அறுத்து, உள்ளே மடித்திருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பார்க்கிறார். மடிப்புகளில் மினுக்கும் துகளைக் காந்தம் இழுத்தால் அது இரும்பு. இழுக்காமல் செம்பு நிறத்தில் கிடந்தால், பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடியில் உள்ள செம்புக் கலவை வரை போய்விட்டது. பேரிங் கேப்பைத் திறந்ததும், சாம்பல் நிற ஷெல்லில் செம்பு தெரியும் பகுதியை நகத்தால் வருடுகிறார். ஜர்னலின் மேல் பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய நூலை வைத்து, கேப்பை உரிய அளவுக்கு முடுக்கித் திரும்பவும் திறக்கிறார். நசுங்கிய நூலின் அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும். அதற்கேற்ப, புது ஷெல் மட்டும் போதுமா, கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவாகிறது.

வேலை முடிந்தபின் அவர் செய்யும் ஒரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். கேஜ் சரியாகக் காட்டியும் அவருக்குத் திருப்தி வருவதில்லை. பெரும்பாலான இன்ஜின்களில் கேஜ் மாட்டும் இடம் கேலரியில் இருக்கிறது, அது தலைமடை. அங்கே நிறைந்திருப்பதால் உச்சிக்குப் போய்விட்டது என்றாகாது. நடுவழி அடைத்திருந்தாலும் கேஜ் நன்றாகவே காட்டும். அதனால் டேப்பட் கவரைக் கழற்றி இன்ஜினை ஐடிலில் விட்டு, குனிந்து பார்க்கிறார். கடைசி ராக்கர் வரை ஆயில் கசிந்து பளபளத்தால்தான் ஸ்பேனரைக் கீழே வைக்கிறார்.

இதைக் கண்டபின் மனித ஏற்பாடுகளை வேறு விதமாகப் பார்க்கத் தோன்றுகிறது. வீடோ, அலுவலகமோ, அரசோ, வயதாக ஆக ஒவ்வொரு கைமாறலிலும் கொஞ்சம் தேய்கிறது. ஒரு கணக்கு, ஒரு கண்காணிப்பு, ஒரு விசாரிப்பு தளர்கிறது. இடைவெளி சிறிதாகத்தான் கூடுகிறது. இழப்போ பல மடங்காகிறது. சத்தம் கடைசியில் இருப்பவரிடமிருந்து எழுகிறது. அவரைக் குறைசொல்பவன் எனக்குக் கொடியவனாகத் தெரிகிறான். மேலிருப்பவரை இன்னும் அள்ளித் தரச் சொல்பவன் நல்லவன்தான், ஆனால் நோயை அறியாதவன். நடுவில் எங்கே கட்டு தளர்ந்தது என்று எளிய இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறவனே அக்கறை உள்ளவன். எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தொடக்கத்தில் அளந்துகொள்ளலாம். கொடுத்தது பயன்பட்டதா என்பதற்கு, கடைசியில் பெறுகிறவரிடம் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது.