இன்னொரு வருஷம்

நீட் முடிவு வந்த வாரத்தில் என் கைபேசி ஓயாது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். அழைப்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். "சார், பாப்பா இன்னொரு வருஷம் எழுதட்டுமா, இல்ல கெடைச்சதுல சேத்துடலாமா?" அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டால், "அவ அழுதுகிட்டே இருக்கா சார்" என்பார்கள். அழுகிற பிள்ளையிடமிருந்து வருகிற பதில் முடிவாகாது. ஒரு வாரம் போகட்டும் என்று சொல்வேன்.

இந்தத் தேர்வின் இயல்பு பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஜேஇஇ மெயின் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. இரண்டில் நல்ல மதிப்பெண் எதுவோ அது நிற்கும். நீட் அப்படியல்ல. 720-க்கு இந்த ஆண்டு வாங்கியது இந்த ஆண்டுக் கவுன்சிலிங்கோடு முடிந்துவிடும். அடுத்த மே மாதம் உட்காருகிறவள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறாள். போன முறையைவிடக் குறைந்தாலும் குறைந்ததுதான் கணக்கு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. வயது உச்சவரம்பும் 2022-இல் நீக்கப்பட்டது. கதவைத் திறந்து வைத்தது நல்லதுதான். ஆனால் எப்போது நிறுத்துவது என்று விதி சொல்லாததால், அதை வீடு சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வீட்டுக்கு அந்த மனம் வரும்?

என்னிடம் வருகிறவர்களிடம் மொத்த மதிப்பெண்ணை நான் முதலில் கேட்பதில்லை. பாடவாரியாகப் பிரித்துச் சொல்லச் சொல்வேன். 180 கேள்விகளில் உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. உயிரியலில் 360-க்கு 290 எடுத்து, இயற்பியலில் 30-இல் நிற்கும் பிள்ளை எங்கே விழுந்தாள் என்பது தெரிகிறது. பிளஸ் ஒன் இயற்பியல் சரியாக நடக்காத பள்ளியிலிருந்து வந்திருப்பாள். அந்தப் பள்ளத்தை ஒரு வருஷத்தில் நிரப்பலாம். இன்னொருத்தி மூன்று பாடத்திலும் ஒரே மாதிரி நடுவாக எடுத்திருப்பாள்; இரவு பகலாகப் படித்தும் அவ்வளவுதான் வந்திருக்கும். அவளுக்கு இன்னொரு வருஷம் எதை மாற்றும் என்று நிதானமாகக் கேட்க வேண்டும். தெரியாததற்கெல்லாம் குத்துமதிப்பாகக் கோடிட்டு, ஒரு தவறுக்கு ஒரு மதிப்பெண் என்று பறிகொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது பயிற்சி. முடியாது என்ற தீர்ப்பு அல்ல.

ஆக, இரண்டாம் முறை எழுதுவதை நான் தடுக்கிறவன் அல்ல. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையைப் படித்தவர் யாரும் தடுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42. இந்த மாநிலம் நுழைவுத் தேர்வைச் சட்டம் போட்டு நீக்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பத்தாண்டு சேர்க்கை நடத்தியது. 2017-இல் நீட் வந்த பிறகு, பள்ளி முடித்த கையோடு எழுதுகிற பதினேழு வயதுப் பிள்ளை, ஒரு வருஷம், இரண்டு வருஷம் இதற்காகவே படித்தவர்களோடு போட்டி போடுகிறாள். அவள் மக்கு அல்ல. நேரம் குறைந்தவள்.

அந்த நேரத்துக்கு விலை இருக்கிறது. என்னை உறுத்துவது இதுதான். நாமக்கல் பக்கம் ரிப்பீட்டர் பேட்சில் விடுதியோடு சேர்ப்பதற்குக் கலசப்பாக்கத்து விவசாயி நிலத்தை அடகு வைக்க வேண்டும். சவ்வாது மலையிலிருந்து வருகிற பெண்ணுக்கு அடகு வைக்கவும் ஒன்றும் இருக்காது. அவள் வீட்டில் 'இன்னொரு வருஷம்' என்றால் ஒரு வருஷக் கூலி போவது, கல்யாணப் பேச்சு தொடங்குவது, தம்பி படிப்பு தள்ளிப்போவது. 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய கைகொடுப்பு. அதனால்தான் எங்கள் பள்ளியில் இந்தக் கனவே உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த வரிசையிலும் மறுமுறை எழுத முடிந்தவர்களே முன்னால் நிற்கிறார்கள்.

எழுதாமல் விடுவதற்கும் மரியாதை வேண்டும். 2024 நீட்டில் நேரம் குறைந்ததற்காக 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டு, பிறகு அதை நீக்கினார்கள். மறுதேர்வு எழுதலாம், அல்லது கருணை மதிப்பெண் இல்லாத பழைய மதிப்பெண்ணோடு போகலாம் என்றார்கள். ஜூன் 23 அன்று எழுதியவர்கள் 813 பேர். மற்ற 750 பேர் எழுதவில்லை. ஒவ்வொருவருக்கும் என்ன காரணமோ, எழுதாமல் இருப்பதும் அன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு பதில். நம் வீடுகளில் அது பதிலாக இல்லை. "விட்டுட்டியா?" என்றுதான் கேட்கிறோம்.

இந்தப் பேச்சில் இந்த ஊரில் யாராவது ரமணரை இழுத்து வருவார்கள். 1896-இல் பதினாறு வயதில், அண்ணனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கிடைத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து ரயிலேறி வந்தவர். படிப்பா முக்கியம் என்று ஆறுதல் சொல்ல அவரைக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் எதையும் தோற்று வந்தவர் அல்ல. தன்னை எது இழுக்கிறது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது அதைத்தான்: உன்னை எது இழுக்கிறது? நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பதா, பெயருக்கு முன்னால் வருகிற எழுத்தா? முன்னது என்றால் பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது, உயிரினங்கள்தான் ஆசை என்றால் கால்நடை மருத்துவம் இருக்கிறது. இரண்டுக்கும் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணில் இடம் கிடைக்கும். அவற்றை ஆறுதல் பரிசு போலச் சொல்கிற பெரியவர்கள்மீது எனக்குக் கோபம் வரும்.

2017 செப்டம்பரில், நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாணவி அனிதா உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு பெற்றோருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்று சொன்னால் பிள்ளை என்ன செய்துகொள்வாளோ என்று கடன் வாங்கிச் சேர்த்துவிடுகிறார்கள். அப்பா இவ்வளவு செலவு செய்கிறாரே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று பிள்ளையும் போகிறாள். இருவருமே கேட்காத ஒரு வருஷம் இப்படி ஓடிவிடுகிறது. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு மாலையில் இரண்டு பேரும் கிரிவலம் போய்விட்டு வாருங்கள் என்பேன். 14 கிலோமீட்டர், முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்தபடி பேச முடியும். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் உண்மை வெளியே வந்துவிடும்.

வந்து, எழுதத்தான் போகிறேன் என்றால், ஒரு முறை என்று நான் சொல்வேன். கடன் இல்லாமல், கையில் ஒரு படிப்பையும் முடிந்தால் வைத்துக்கொண்டு. இதற்கு அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. எங்களிடம் படித்து வெளியேறிய பெண்ணுக்கு அந்த ஒரு வருஷம் உட்கார ஒன்றியத்துக்கு ஓர் அறையும், இயற்பியலுக்கு ஓர் ஆசிரியரும் போதும். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் எங்கள் ஆய்வகத்தில் பழைய மாணவிகள் உட்காருகிறார்கள். உயிரியல் நான் பார்த்துக்கொள்கிறேன். இயற்பியலுக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். பேருந்துக்கு ஏற்றபடி நேரத்தை மாற்றினால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.