நேர்ந்துகொண்ட நடையும் நேர்ந்துவிட்ட துன்பமும்

துன்பத்தைப் பொறுத்தல் ஓர் உயர்ந்த பண்பு என்பதை எல்லாச் சமயங்களும் ஏதோவொரு வகையில் ஏற்றுக்கொள்கின்றன. உண்ணாநோன்பு, காவடி, தீமிதிப்பு, நெடுவழி நடத்தல் ஆகியன மனிதன் தானே விரும்பி மேற்கொள்ளும் துன்பங்கள். இவை அறத்தின்பாற் பட்டனவாயின், வாழ்வு முழுவதுமே துன்பமாக அமைந்துவிட்ட மக்களை எவ்வாறு நோக்குதல் வேண்டும்? அவர்தம் பொறுமையைப் போற்றி அமைவதா? அன்றி, அப்பொறுமைக்குக் காரணமான நிலைமையை வினவுவதா? இவ்வினாவை ஆராய்வதற்குக் கதிர்காமப் பாதயாத்திரை மிகப் பொருத்தமான களமாகும்.

கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் வழிகள் பல. அவற்றுள் நெடியது யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து தொடங்குவது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாகச் சென்று, உகந்தை முருகன் ஆலயத்தை அடைந்து, அங்கிருந்து குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமத்தைச் சேரும் அவ்வழியை நடந்து முடிக்க ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். மற்றொன்று ஊவா மலைகளிலிருந்து இறங்குவது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்துள்ள மீரியபெத்த முதலிய தோட்டங்களிலிருந்து புறப்படுவோர் தியலும அருவியைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கி, புத்தல வழியாக யானைக் காட்டினூடே செல்லலாம். இவ்வழி சில நாள்களில் முடியக்கூடியதாயினும், குளிர்ந்த மலையில் வாழ்ந்து பழகிய உடலுக்குத் தாழ்நிலத்து வெயில் எளிதன்று.

நடையின் முதற்பாடம் சுமையைப் பற்றியது. புறப்படும்போது இன்றியமையாதனவாகத் தோன்றிய பொருள்களுட் பாதி, இரண்டாம் நாளிலே வீண் பாரமாகிவிடுகின்றன. ஒரு மாற்றுடை, ஒரு போர்வை, நீர்க்கலம், சிறிதளவு உணவு என்பவற்றுக்கு மேல் எதையும் தோள் ஏற்க மறுக்கின்றது. அடுத்த பாடம் பொழுதைப் பற்றியது. விடியுமுன் எழுந்து நடந்து, வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கி, பொழுது சாயும்போது மீண்டும் நடப்பவரே தளராது செல்வர். தார் வீதி கொதிக்கும் நண்பகலில் வெறுங்காலுடன் நடக்க முனைந்தவர் கொப்புளங்களால் மறுநாள் நடையையும் இழப்பர். காட்டிலோ நீர்நிலை யானைக்கும் மனிதனுக்கும் பொதுவானது. ஆங்கு தனித்து முன்செல்லுதல் வீரமாகாது. கூட்டத்தின் வேகம் அதில் மிக மெல்ல நடப்பவருடைய வேகமாகவே அமைதல் வேண்டும்.

இவற்றினும் கடினமான பாடம் ஒன்றுண்டு. அது பிறரிடமிருந்து பெற்றுக்கொள்ளப் பழகுதல். வழியில் யாத்திரிகர் அனைவரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைக்கின்றனர். ஆசிரியரும் சாமி, கூலியாளும் சாமி. ஊரவர் நீரும் மோரும் சோறும் தருகின்றனர். கோயில் மடங்கள் படுக்க இடம் தருகின்றன. கொடுத்துப் பழகிய கை ஏந்துவதற்குக் கூசும். அக்கூச்சம் நீங்குமளவுக்கே யாத்திரை உள்ளத்தில் நிகழ்ந்ததெனலாம்.

இவ்வனுபவங்களைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. யாத்திரிகரின் துன்பத்தைச் சிறப்பிப்பது அதன் கடுமை அன்று. அத்துன்பம் அவர் தாமே நேர்ந்துகொண்டது. விரும்பின் நடையை நிறுத்தவும் அவர்க்கு உரிமை உண்டு. உடன் நடப்போர் உண்டு. வழியில் நீர் கொடுப்போர் உண்டு. நடை முடிந்தபின் திரும்பிச் செல்ல ஒரு வீடும் உண்டு. இவை ஐந்தும் நீங்கினால் எஞ்சுவது வெறும் வலியே. அவ்வலிக்குத் தவம் என்று பெயரிட முடியாது.

மலையக மக்களின் வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காடுகளினூடே மாத்தளைவரை நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். அதுவும் நெடுவழி நடையே. ஆயின் அதனை யாத்திரை என்பார் எவருமிலர். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வருகையின் இருநூறாண்டு நிறைவையொட்டி, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய ஒரு நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் நிர்ப்பந்தத்தால் நடந்த பாதையைப் பின்னோர் தாமே தேர்ந்து நடந்தனர். பாதை ஒன்றாயினும் நடையின் பொருள் வேறாயிற்று.

மீரியபெத்தவின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பெருமழையால் நெகிழ்ந்த மலைச்சரிவு அத்தோட்டத்து லயன்களின் மீது இறங்கியது. பலர் மாண்டனர், மண்ணுள் புதையுண்டோரில் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அச்சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. "எச்சரித்தும் ஏன் போகவில்லை?" என வினவுவோர் உளர். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாதவர், வேலையோடு பிணைக்கப்பட்ட லயன் அறையை விட்டு எங்கே போவது? நிறுத்தவும் விலகவும் உரிமையுள்ள யாத்திரிகரின் நிலை அவர்க்கு வாய்க்கவில்லை. உயிர்தப்பியோர்க்குப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட ஈராண்டுகள் சென்றன.

அங்ஙனமாயின், நாள்தோறும் கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்கும் ஒருவர், மேலும் ஒரு நடையை ஏன் நேர்ந்துகொள்கின்றார் என்று கேட்கலாம். வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலி இல்லை. ஆதலின் யாத்திரையின் ஒவ்வொரு நாளும் அவர்க்கு இழப்பே. அதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அது சரியன்று. கொழுந்தின் எடைக்கே மதிப்புள்ள உலகில், நிறுக்கப்படாத உழைப்பு அந்நடை ஒன்றே. எவருடைய ஏவலுமின்றித் தம் கால்களைத் தாமே ஆளும் அந்நாள்களில், அவர் 'ஆள்' அல்லர், 'சாமி'. துன்பத்தின் மீது பற்றுக்கொண்டு அவர் நடக்கவில்லை. துன்பத்தையும் தம் விருப்புக்கு உட்படுத்தலாம் என்பதைத் தமக்கே உணர்த்திக்கொள்ள நடக்கின்றார்.

உடலை வருத்துதல் ஒன்றே மெய்யுணர்வு தாராது எனக் கண்டு, கடுந்தவத்தை விடுத்து உணவு ஏற்றவர் கௌதம புத்தர். திருவள்ளுவரோ தவத்துக்கு வடிவு கூறுமிடத்து, தமக்குற்ற நோயைப் பொறுத்தலோடு அமையாது, பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் உடன் வைத்தார். முற்பகுதி துன்புறுவோருக்கு உரியது; பிற்பகுதி எல்லாருக்கும் உரியது. சமூகம் பெரும்பாலும் முற்பகுதியை ஏழைக்குப் போதித்துவிட்டுப் பிற்பகுதியை மறந்துவிடுகின்றது. "பொறுமைசாலிகள்" என்று தோட்ட மக்களைப் புகழும் மேடைப் பேச்சு, அவர்களை அச்சரிவிலேயே விட்டுவைப்பதற்குரிய நியாயமாகவும் மாறிவிடுகின்றது.

பொறுமை என்பது பொறுப்பவருக்கு மட்டுமே உரிய அறம். அதனைப் பிறர்மீது விதிக்கவோ, அதன் பெயரால் தம் கடமையினின்று விலகவோ எவருக்கும் உரிமையில்லை. யாத்திரிகருக்கு ஒரு குவளை நீர் கொடுப்பவர் அவருடைய தவத்தை அளந்து பார்த்துக் கொடுப்பதில்லை; தாகத்தைக் கண்டு கொடுக்கின்றார். நேர்ந்துகொண்ட துன்பத்துக்கே இவ்வளவு பரிவு காட்டத் தெரிந்த நாடு, நேர்ந்துவிட்ட துன்பத்தின் முன் வாளாவிருத்தல் தகாது. கதிர்காம வழியில் நீர்ப்பந்தல் இடும் கைகளே, சரிவின் கீழ் வாழ்வோர்க்கு உறுதியான நிலமும் வீடும் உரிமையோடு கிடைக்கவும் முனைதல் வேண்டும். அந்நாள்வரை நம் பரிவு பாதிவழியே நடந்திருக்கின்றது.