கெடுத்துப் பார்க்கும் உரிமை

அண்ணன் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கழற்றிப் போட்டான். அது மறுபடி பாடவே இல்லை. "பையன் இஞ்சினியராத்தான் வருவான்" என்றார் அப்பா. கொஞ்ச நாளில் நான் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தேன். "பொட்டப்புள்ளைக்குக் கை சும்மா இருக்காதா?" என்று அம்மா தலையில் குட்டினாள். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கோடை விடுமுறையில், மேல்பட்டாம்பாக்கத்தில், அதே அண்ணனின் பத்து வயது மகளோடு சேர்ந்து அவளுக்கொரு கணினி செய்தேன். பரணில் கிடந்த 14 அங்குல டிவி, 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தது. கீபோர்டு காயலான் கடையில் எடைக்கு வாங்கியது. உள்ளங்கையளவு ராஸ்பெரி பை, 2012இல் வந்த முதல் மாதிரி, மாணவி ஒருத்தி ப்ராஜெக்ட் முடித்துவிட்டுக் கொடுத்தது. பெட்டிக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாப்பலகை. 1980களின் வீட்டுக் கணினிகள் பல இப்படித்தான் இருந்தன: கீபோர்டுக்குள்ளேயே மூளை, திரைக்கு வீட்டு டிவி.

முதலில் படம் நிறமில்லாமல் உருண்டது. பலகை அமெரிக்க ஒளிபரப்பு முறையில் படத்தை அனுப்பியது. நம் டிவிக்கு வேறு முறை. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை அவளே மாற்றினாள். வண்ணம் வந்தது.

"அவளுக்கு எதுக்கு இதெல்லாம்? ஷாக் அடிச்சா?" என்றான் அண்ணன். பலகைக்கு 5 வோல்ட்தான். ஆனால் டிவியின் பின்மூடியை நாங்கள் திறக்கவில்லை. அணைத்த பிறகும் படக்குழாயில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஏன் என்று கேட்டாள், சொன்னேன், கையை எடுத்துக்கொண்டாள். காரணம் சொல்லித் தடுத்தால் அது அறிவு. காரணமே சொல்லாமல் தடுத்ததைத்தான் நமக்கு அடக்கம் என்று சொல்லி வளர்த்தார்கள்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினி மாணவர்களிடம் பேசி ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் எழுதிய நூல் 2002இல் வந்தது. வீட்டுக் கணினி பெரும்பாலும் மகனின் அறையில்தான் இருந்தது என்கிறது அது. கல்லூரிக்குள் வரும்போது பையன்கள் 'பிறவித் திறமை'யோடு வந்ததாகத் தோன்றியது. அது பிறவி அல்ல. பல வருடம் கெடுத்துப் பார்த்த பழக்கம்.

ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. பையனுக்குப் புதுசு, பெண்ணுக்குப் பழசு என்ற வழக்கத்தைத்தானே நானும் செய்தேன்? பழசு என்பதால்தான் இதைத் திறக்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. 2011க்குப் பிறகு அரசுப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கும் பையன்களுக்குச் சமமாக இலவச லேப்டாப் கிடைத்தது. கொடுத்தது சமம். கெடுத்தால் கிடைக்கும் பேச்சும் சமமாக இருந்ததா?

ஒரு வாரம் கழித்து, முறையாக அணைக்காமல் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். மெமரி கார்டு கெட்டது. "அத்தை, போச்சு" என்று நின்றாள். "பாத்து செய்யக் கூடாதா?" என்று என் வாய் முந்திக்கொண்டது. அம்மாவின் அதே குரல். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். பிறகு கார்டில் மறுபடி எல்லாவற்றையும் ஏற்றினோம். அவள்தான் ஏற்றினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கையைக் கட்டிக்கொண்டு. அதுதான் எனக்குக் கடினமான வேலையாக இருந்தது.